வுழுந்தா யாருக்குச் சொல்றது?

ரேஸுக்கு நிற்கிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது. ஹெல்மெட் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பவனிடம் அதைக் கேட்டால் சண்டைதான் வரும். சிஸ்டர் அதை ஒருவன் விடாமல் எல்லோரிடமும் கேட்டார்.

"நீ வுழுந்தா யாருக்குச் சொல்றது?"

பதில் வரும்வரை வண்டி முன்னால் நிற்பார். நம்பரைச் சொன்னதும் கொண்டையில் செருகியிருக்கும் கறுப்பு மார்க்கரை உருவி, இடது முன்கையில் கொட்டை எழுத்தில் எழுதுவார். கீழே ரத்த வகை. தெரியாது என்றால் "இருவத்தஞ்சி வயசாவுது, ஒன் ரத்தம் இன்னான்னு ஒனக்குத் தெரியாதா?" என்று ஒரு அதட்டல். அடுத்த ரேஸுக்குள் எழுதி வாங்கி வரவேண்டும்.

எனக்கும் அப்போது இருபத்தைந்து வயதுதான். கோலார் தங்கச் சுரங்கம் பக்கம் ஆண்டர்சன்பேட்டையில் டூவீலர் மெக்கானிக். கழித்துப்போட்ட வண்டிகளிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டியைக் கட்டியிருந்தேன். மைசூர் மைன்ஸ் பக்கம், தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மலைமலையாக நிற்கிறதே, அந்தச் சயனைடு மேட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் டர்ட் ரேஸ் நடக்கும். அதுதான் என் முதல் ரேஸ்.

"இன்னா சிஸ்டர், கெளம்பும்போதே சாவு கேக்கறீங்க?" என்றேன்.

"சாவு கேக்கல. நம்பர் கேக்கறேன்."

என் கடைக்கு எதிர்க்கடை போர்டில் எழுதியிருந்த நம்பரைச் சொல்லிவைத்தேன். சிஸ்டர் அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார். "அலோ, பிரியாணி சென்டர், எத்தன பார்சல்?" என்று குரல் வந்தது. பக்கத்தில் நின்ற பன்னிரண்டு பேரும் ஹெல்மெட்டுக்குள் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"பிரியாணிக்காரரு வந்து ஒன்ன தூக்குவாரா கண்ணு? தூக்குவாருன்னா சொல்லு, எழுதிடறேன்."

அப்பா நம்பரைச் சொன்னேன். அந்த மை மூன்று நாளைக்குப் போகாது. மறுநாள் சாப்பிடும்போது அப்பா என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, என் நம்பர நீ எழுதிகினு சுத்தற?" என்றார். நான் ரேஸ் ஓட்டுவது எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் தெரிந்தது.

சிஸ்டர் என்று கூப்பிட்டோமே தவிர அவர் நர்ஸும் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை. பெங்களூரில் ஒரு துணி கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வாரம் ஆறு நாள் விடிவதற்கு முன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, இருட்டியபின் இறங்குவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் ஊர்ப் புராட்டஸ்டன்ட் சபை ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். குட்டையான, தடித்த உருவம். காட்டன் சேலை, காலில் ஆம்பளை கேன்வாஸ் ஷூ, தோளில் ஒரு ரெக்ஸின் பை. பையில் தண்ணீர், பஞ்சு, கத்திரிக்கோல், குளுக்கோஸ் பாக்கெட். ரேஸ் நடக்கும் இடத்துக்கு அவர் வேதப்புத்தகம் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. துண்டுப் பிரசுரம் கொடுத்ததும் இல்லை.

அவர் முதலில் அங்கே வந்தது ஒருவனைத் திட்டுவதற்காக. சபையில் கீபோர்டு வாசிக்கிற பையன் ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு ரேஸுக்கு வந்துவிட்டான். காதைப் பிடித்து இழுத்துப்போக வந்தவர், அவன் காலர்போன் உடைந்து மண்ணில் கிடப்பதைப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவன் நினைவு தப்பியிருந்தான். "அப்பா பேர் இன்னா, நம்பர் இன்னா?" என்று கவுன்ட்டரில் கேட்டார்கள். சிஸ்டருக்குத் தெரியவில்லை. அவனுடைய போன் பூட்டியிருந்தது. வீட்டார் வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது.

"ஆறு வருஷமா வாரா வாரம் அவன் வாசிக்க நான் பாடிகினு கீறேன். அவன் அப்பா யாருன்னு எனக்குத் தெரியல. அன்னிக்கி எனக்கு வந்த வெக்கம் இன்னும் போவல" என்று ஒருமுறை சொன்னார்.

அடுத்த ஞாயிறு மார்க்கரோடு வந்தார். அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் விடவில்லை.

சபையில் இது பிடிக்கவில்லை. கமிட்டி கூடிக் கேட்டது. நடந்ததைக் கீபோர்டு பையன்தான் எங்களுக்கு நடித்தே காட்டினான். செக்ரட்டரி எழுந்து, ஆராதனை நேரத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண் புழுதியில் குடிகாரப் பையன்களோடு நிற்பது சபைக்கு அவமானம் என்றாராம்.

சிஸ்டர், "அவங்க குடிச்சிட்டு ஓட்டறதில்லிங்க. குடிச்சிருந்தா நானே சாவியப் புடுங்கிடுவேன். நான் அங்க போவக்கூடாதுன்னா சரி, போவல. ஒங்கள்ல யாரு போறீங்க? சொல்லுங்க, அவங்க கையில மார்க்கர குடுத்துட்டு நான் இங்க மொத பெஞ்சில வந்து ஒக்கார்றேன்" என்றாராம்.

பாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஞாயிறு பள்ளி டீச்சர் பொறுப்பிலிருந்து சிஸ்டரை எடுத்துவிட்டார்கள். இருபது வருடமாக அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வகுப்பு அது.

"நல்லதாப் போச்சி. இனிமே காலீலயே வந்துடலாம்" என்றார் எங்களிடம். அன்றைக்கு அவர் கண் சிவந்திருந்தது. புழுதி என்று நினைத்துக்கொண்டோம்.

ஜெயிப்பதற்காக அவர் ஜெபம் பண்ணமாட்டார். எங்களில் பாதிப் பேர் மாரியம்மன் கோயில் குங்குமத்தோடு வருகிறவர்கள், சிலர் மாதா படத்தை டேங்கில் ஒட்டியிருப்பார்கள். எதற்கும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று, "சிஸ்டர், எனக்கு ஒரு ஜெபம் போடுங்க, இன்னிக்கி மொத ஆளா வரணும்" என்பார்கள்.

"பக்கத்து வண்டிக்காரனுக்கும் நான்தான் ஜெபம் பண்றேன். ரெண்டு பேரையும் மொத ஆளா வரவைக்க சொல்லி கர்த்தர இன்னாத்துக்கு வம்புல மாட்டற?"

கொடி விழுந்ததும் வளைவு ஓரம் போய் நிற்பார். உதடு அசைந்துகொண்டே இருக்கும், கண் மூடாது. கண்ணைத் திறந்துகொண்டு ஜெபமா என்று கேட்டதற்கு, "மூடிகினா எவன் எங்க வுழுந்தான்னு யாரு பாக்கறது?" என்றார்.

செல்வம் விழுந்ததை அவர்தான் முதலில் பார்த்தார்.

செல்வம் என் கடையில் என்னோடு வேலை செய்தவன், என் வயது. எங்கள் ஊரில் அவனைப்போல் மேட்டிலிருந்து வண்டியைத் தூக்கிப் பறக்கவிடுகிறவன் இல்லை. அன்றைக்கு இரண்டாவது மேட்டில் முன்சக்கரம் மண்ணில் புதைந்து, அவன் தலைகுப்புறப் போனான், வண்டி முதுகில் விழுந்தது. நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் நாலு பேர் அவன் ஹெல்மெட்டைக் கழற்றப் போனார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டான்.

"தொடாத! எவனும் தொடாத!"

அப்படி ஒரு குரல் அந்த உடம்பிலிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. கம்பெனியில் முதலுதவிப் பயிற்சி எடுத்தவர். குப்புறப் படுத்துவிட்டார், சேலையோடு, அந்தச் சாம்பல் மண்ணில். செல்வத்தின் முகத்துக்கு நேராக முகம். இரண்டு கையாலும் ஹெல்மெட்டை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"என்னையே பாரு கண்ணு. தலைய திருப்பாத. பேசு."

"சிஸ்டர்... கால் கீதா?"

"கீது. பாத்துகினுதான் கீறேன்."

"எனக்குத் தெரியலியே."

அவர் ஹெல்மெட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நல்லாயிடுமா சிஸ்டர்?"

நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல" என்றோம். சிஸ்டர் மட்டும், "எனக்குத் தெரியாது செல்வம். தெரியாதத சொல்லமாட்டேன். ஆனா ஒங்கூட வரேன். எங்க தூக்கினு போனாலும் வரேன்" என்றார். பிறகு, "ஜெபம் பண்ணட்டா? வேணாம்னா பண்ணல" என்று கேட்டார்.

"பண்ணுங்க."

"ஆண்டவரே, செல்வம் பயப்படறான். நானும் பயப்படறேன். கிட்ட இரும். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரட்டும். ஆமென்."

அவ்வளவுதான். நான் சிஸ்டரின் வாயிலிருந்து சத்தமாகக் கேட்ட ஜெபம் அது ஒன்றுதான்.

செல்வத்துக்கு இடுப்புக்குக் கீழே போய்விட்டது. கோலாரில் ஒரு மாதம், பெங்களூரில் மூன்று மாதம், பிறகு வீடு. ரேஸ் நடத்தியவர்கள் ஒருமுறை பூங்கொத்தோடு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் நண்பர்கள் முதலில் தினமும் போனோம், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு போனில் பேசினோம். சிஸ்டர் மட்டும் ஞாயிறு ரேஸ் முடிந்ததும் அதே புழுதிச் சேலையோடு அவன் வீட்டுக்குப் போவார். அவனுக்கு ஷேவ் பண்ணிவிடுவார். நகம் வெட்டுவார். முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவதற்கு அவன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

செல்வத்தின் அம்மா அங்கன்வாடியில் வேலை செய்கிறவர். வாய் கொஞ்சம் அதிகம். ஒரு ஞாயிறு நானும் இருக்கும்போது நேராகவே கேட்டுவிட்டார்.

"யம்மா, நான் ஒடச்சிக் கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. எம்புள்ளய ஒங்க மதத்துக்கு இழுத்துகினு போவத்தான் வரியா?"

எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. சிஸ்டர் செல்வத்தின் தாடையில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஆசை கீதுக்கா. இல்லன்னா பொய். நான் நம்பறத இவனும் நம்பணும்னு எனக்கு ஆசைதான். ஆனா படுத்துகினு கீறவன்கிட்ட நான் கேக்கமாட்டேன். எழுந்து நிக்கறவன்கிட்டதான் கேப்பேன். அவனுக்குப் புடிக்கலன்னா எழுந்து ஓடிப்போலாம் இல்ல? இவன் எங்க ஓடுவான்?"

"அப்போ இவன்கிட்ட எப்பவுமே கேக்கமாட்டியா?"

"மாட்டேன்."

அம்மா உள்ளே போய் காபி போட்டுக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் அதுவரை சிஸ்டருக்குத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன் நான். அப்படியிருந்தும் அடுத்த வருடம் நான் செய்ததைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதுவது யோக்கியம் இல்லை.

வருடாந்தரப் பெரிய ரேஸ். பெங்களூரிலிருந்து வேனில் வண்டிகள் வந்திருந்தன. விருந்தினருக்குப் பந்தல், நீல நிற நாற்காலிகள், மைக். ஃபைனலில் முதல் மூன்றில் வருகிற உள்ளூர்க்காரன் ஒருவனுக்கு பெங்களூர் டீம் ஒன்று வண்டி கொடுத்து ஓட்டவைக்கும் என்று பேச்சு. எனக்கு அப்போது இருபத்தொன்பது. அதற்குமேல் எந்த டீமும் ஆளை எடுக்காது. அரையிறுதியில் நான்தான் முதல். அந்த மேட்டில் ஒவ்வொரு பள்ளமும் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு நான் ஜெயித்திருப்பேன். இப்போதும் சொல்கிறேன், ஜெயித்திருப்பேன்.

ஃபைனலுக்குமுன் வெளியூர்க்காரன் ஒருவன் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். இருந்த ஒரே ஆம்புலன்ஸ் அவனைத் தூக்கிக்கொண்டு கோலாருக்குப் போய்விட்டது. திரும்பிவர ஒன்றரை மணி நேரம் ஆகும். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் மணி பார்த்தார். நடத்துகிறவர் மைக்கில், "ஃபைனல் ரைடர்ஸ், லைனுக்கு வாங்க" என்று அறிவித்தார்.

இருபது வண்டிகள் கோட்டுக்கு வந்தன. சிஸ்டர் பந்தலுக்குப் போனார். விருந்தினர் நாற்காலி ஒன்றைத் தூக்கினார். கோட்டுக்கு நேர் நடுவில் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்.

நடத்துகிறவர் ஓடிவந்தார். "இன்னாம்மா பண்றீங்க? எழுந்திருங்க!"

"ஆம்புலன்ஸ் வரட்டும்."

"அஞ்சு லேப்புதாம்மா. பத்து நிமிஷம்."

"வுழுறதுக்குப் பத்து நிமிஷம் எதுக்கு? ஆம்புலன்ஸ் வரட்டும்."

மைக்கில் கெஞ்சினார்கள். பிறகு மிரட்டினார்கள். கூட்டம் கூச்சல் போட்டது. யாரோ தண்ணீர் பாக்கெட்டை வீசினான், அது அவர் தோளில் பட்டு உடைந்தது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. பாதுகாப்புக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர். "ஏனம்மா இது? ஏளி மேலே" என்று எழுந்திருக்கச் சொன்னார். சிஸ்டரும் கன்னடத்திலேயே, "ஆம்புலன்ஸ் பர்லி சார், நானே ஏள்தீனி" என்றார். வண்டி வரட்டும், நானே எழுந்துகொள்கிறேன். பெண்ணைத் தூக்கப் பெண் போலீஸ் வேண்டும், அங்கே ஒருவரும் இல்லை. வரச் சொல்லி போன் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் பந்தலுக்குப் போனார்.

எனக்கு வெயில் போய்க்கொண்டிருப்பது மட்டும்தான் தெரிந்தது. என் நிழல் நீண்டுகொண்டே போனது. "யோவ், இந்தக் கெழவிய யாராச்சும் தூக்கிப் போடுங்கய்யா!" என்று கத்தினேன். அதைவிட மோசமாகவும் கத்தினேன், அதை எழுத மாட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு வெறி ஏற்றியது.

ஆக்ஸிலரேட்டரை முறுக்கி கிளட்சை விட்டேன். நேராக அவர்மேல். நாற்பது அடி தூரம் இருந்திருக்கும். பிரேக்கை எப்போது பிடித்தேன் என்று நினைவில்லை. வண்டி வழுக்கி, முன்சக்கரம் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மண் அவர் மடியிலும் முகத்திலும் வாரிக் கொட்டியது.

சிஸ்டர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார். பயந்துதான் போயிருந்தார். ஆனால் கால் நகரவில்லை. இரண்டு மூன்று முறை மூச்சை இழுத்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

"வேர்வையில நம்பர் அழிஞ்சிட்ச்சி பாரு. கையக் காட்டு."

மார்க்கரை உருவினார். நான் கையைக் காட்டவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் நின்றேன். எனக்குப் பின்னால் ஒவ்வொரு வண்டியாக ஆஃப் ஆனது.

பெண் போலீஸும் ஆம்புலன்ஸும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். சொன்னபடி அவரே எழுந்தார். நாற்காலியைப் பந்தலில் கொண்டுபோய் வைத்தார். அதற்குள் இருட்டிவிட்டது, ஃபைனல் ரத்து. பெரிய மனிதர் எப்போதோ கிளம்பியிருந்தார். பெங்களூர் டீம் தங்கள் ஆட்களில் ஒருவனையே எடுத்துக்கொண்டது.

அதன்பிறகு அன்று வேறு யாரும் விழவில்லை. அதனால் சிஸ்டர் செய்தது சரி என்று யாராலும் நிரூபிக்க முடியாது. என்னால் நிரூபிக்க முடிந்தது ஒன்றுதான், எனக்கு மறுபடி அப்படி ஒரு நாள் வரவில்லை. அவர் செய்தது சரி. என் வாழ்க்கை அங்கே கழுத்தறுபட்டது. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடமாக மற்றவர்களின் வண்டியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மறுநாள் கம்பெனிக்குக் கட்டவேண்டிய சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்றேன். "வா, ஒக்காரு" என்றார். நாலு மடிப்பு இஸ்திரி போட்டபின் தலை நிமிராமல், "ஒன் வண்டியில பிரேக் நல்லா புடிக்குது" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "அழு. ஆனா ஒண்ணு. அன்னிக்கி என்னால நீ தோத்துட்டன்னு எனக்குத் தெரியும். மறந்துட்டேன்னு நெனச்சிக்காத" என்றார்.

அவரை உள்ளே விடக்கூடாது என்று நடத்துகிறவர்கள் முடிவெடுத்தார்கள். அடுத்த ரேஸுக்கு வந்தபோது தடுப்பில் நின்ற ஆள் கையை நீட்டி மறித்தான். சிஸ்டர் சண்டை போடவில்லை. "இந்த ரோடு யாருதுபா?" என்றார். "கவர்மென்ட்டுது." "சரி." ரோட்டோரம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் கீபோர்டு பையன் வண்டியை அணைத்துவிட்டு வெளியே நடந்து வந்தான். அப்புறம் ஒருவன். அப்புறம் நாலு பேர். நானும் போனேன். கைகளை நீட்டிக்கொண்டு ரோட்டில் வரிசை. பெங்களூர்க்காரர்களும் என்னவென்று விசாரித்துவிட்டு வந்து நின்றார்கள். மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டு நடத்துகிறவருக்குத் தொண்டை கட்டியது. கடைசி ஆளின் கையில் எழுதி முடியும்வரை ஒரு வண்டிகூடக் கோட்டுக்குப் போகவில்லை. மூன்று ரேஸ் அப்படி நடந்தது. நாலாவது ரேஸில் தடுப்புக்காரன் தானாகவே ஒதுங்கிக்கொண்டான். அந்த ரேஸில் இரண்டு ஆம்புலன்ஸ் நின்றது.

சிஸ்டர் போய் இரண்டு வருடம் ஆகிறது. கம்பெனியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பு. சபையில் அடக்க ஆராதனை நடந்தபோது, அவரை வகுப்பிலிருந்து எடுத்த அதே செக்ரட்டரி அவரது ஊழியத்தைப் புகழ்ந்து ரொம்ப நேரம் பேசினார். நாங்கள் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். கீபோர்டு பையன் நடுவிலேயே எழுந்து வெளியே போய்விட்டான்.

அவரை நினைத்தால் எனக்கு அந்த நாற்காலி முதலில் வருவதில்லை. அவர் போவதற்கு முந்தின வருடத்து ஞாயிறு ஒன்றுதான் வரும்.

பின்பக்கம் இரண்டு சக்கரம் சேர்த்த ஸ்கூட்டர் ஒன்று செல்வத்துக்குக் கிடைத்தது. எல்லாம் கையாலேயே இயங்குகிற மாதிரி நான்தான் மாற்றிக்கொடுத்தேன். பஜாருக்குப் போவான், பென்ஷன் ஆபீஸுக்குப் போவான். ஒருநாள், "மேட்டு மேல ஏத்தணும்டா" என்றான். நான் முடியாது என்றேன். அவன் அம்மா வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். "ஒரு தடவ ஒன்ன அந்த மண்ணுல இருந்து பொறுக்கினது போதாதா?" அவன் மூன்று நாள் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷேவ் பண்ண சிஸ்டர் வந்தார். ரேஸையே நிறுத்தினவர், எங்கள் பக்கம்தான் பேசுவார் என்று இருந்தோம்.

"நீயாச்சும் புத்தி சொல்லும்மா" என்றார் அம்மா.

சிஸ்டர் செல்வத்தைப் பார்த்தார். "எதுக்குடா ஏறணும்?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மாதான் சிஸ்டர். முன்னயும் சும்மாதான் ஏறனேன்."

சிஸ்டர் ரேஸரைக் கழுவி வைத்தார். "நியாயம்தான்" என்றார். பிறகு தெரிந்த ஆம்புலன்ஸ் டிரைவருக்கு போன் போட்டார். வண்டி மேட்டடிக்கு வந்து நின்றபின்தான் செல்வத்தைக் கிளம்பவிட்டார். ஹெல்மெட் மாட்டினார். அவன் கால்கள் சரியாமல் இருக்க ஒரு துண்டால் வண்டியோடு சேர்த்துக் கட்டினார்.

அம்மா பின்னாலேயே ஓடிவந்திருந்தார். "அவன் மறுபடி வுழுந்தா யாரும்மா பதில் சொல்றது?"

"வுழுந்தா நானும் கூடதான் வுழுவேன்" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சிஸ்டர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஐம்பத்தாறு வயது. அவர் வண்டியில் ஏறி அன்றுதான் பார்த்தேன்.

மழையில் இறுகிப்போன பாதை ஒன்று மேட்டின் ஓரமாக ஏறும். செல்வம் அதில் விட்டான். பாதி தூரத்தில் சக்கரம் மண்ணில் சுற்றி, வண்டி நின்று, ஒரு அடி பின்னால் சறுக்கியது. நான் தள்ளுவதற்கு ஓடினேன். சிஸ்டர் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி வராதே என்று காட்டினார். செல்வம் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டுத் திரும்ப முறுக்கினான். சாம்பல் மண் வாரியடித்தது. வண்டி முனகிக்கொண்டு, குலுங்கி, ஏறி, உச்சியில் போய் நின்றது. வானத்துக்கு எதிரே இரண்டு உருவம்.

பிறகு சிஸ்டர் குரல் கீழே கேட்டது.

"இன்னாபா, இவ்ளோதானா? பெரிய ரேஸ்காரன்னு சொன்னாங்க?"

செல்வம் வண்டியை இறக்கத்துப் பக்கம் திருப்பினான். என் பக்கத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். கையை எடுத்துவிட்டு, மேடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"டேய்! அவங்கள கெட்டியாப் புடிச்சிக்கச் சொல்டா!"